பத்தடி ஹாலுக்கு எந்த சோபா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

எங்கள் ஃபிளாட்டின் ஹால் 10க்கு 14 அடி. ஷோரூமில் 'எல்' வடிவ சோபா ஒன்று பிடித்திருக்கிறது. நீளம் 9 அடி, குட்டைப் பக்கம் 6 அடி. வாங்கினால் நடக்க இடம் இருக்குமா என்று மாமியார் கேட்கிறார். அவருக்கு மூட்டு வலியும் உண்டு. என்ன செய்யலாம்?
வாசகி, மேடவாக்கம்

மாமியார் கேட்டது சரியான கேள்வி. ஷோரூமில் சுவர்கள் எட்ட இருக்கும், கூரை உயரத்தில் இருக்கும். அங்கே எந்த சோபாவும் அடக்கமாகத்தான் தெரியும். வீட்டுக்கு வந்ததும் யானை புகுந்த மாதிரி ஆகிவிடும்.

அகலத்தை அங்குலத்தில் கணக்குப் போடுவோம். 10 அடி என்றால் 120 அங்குலம். டிவி யூனிட் 16. அதற்கு முன்னால் நடக்கும் வழி 36. டீபாய் 24. டீபாய்க்கும் சோபாவுக்கும் நடுவே கால் வைக்க 16. இதற்கே 92 போய்விட்டது, மிச்சம் 28 அங்குலம். கடைகளில் நிற்கும் சோபாக்களின் ஆழமோ 36 முதல் 40 அங்குலம். 'எல்' வடிவமானால் குட்டைப் பக்கம் 72 அங்குலம் முன்னே நீளும். எதிரே டிவி யூனிட் 16 எடுத்துக்கொண்டால் அந்த இடத்தில் வழி 32 அங்குலம்தான். ஒருவர் காபித் தட்டோடு வந்தால் இன்னொருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். பால்கனிக் கதவும் அந்தப் பக்கம் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

உங்கள் ஹாலுக்குப் பொருந்துவது 7 அடி நீளம், 34 அங்குல ஆழம் உள்ள நேர் சோபா ஒன்றும், இழுத்துப் போட்டுக்கொள்ளும் தனி நாற்காலிகள் இரண்டும். டீபாயை 18 அங்குல அகலத்துக்குக் குறைத்துவிட்டால் கணக்கு சரியாக உட்கார்ந்துவிடும். ஒன்றுக்குள் ஒன்று போகும் குட்டி மேஜைகள் இன்னும் வசதி. பணம் கட்டும் முன் பழைய செய்தித்தாள்களை சோபாவின் அளவுக்கு ஒட்டித் தரையில் விரித்து, இரண்டு நாள் அப்படியே விடுங்கள். காகிதத்தை மிதிக்காமல் வீட்டில் எல்லோரும் நடமாட முடிந்தால் வாங்கலாம்.

மூட்டு வலி இருப்பவருக்கு உட்காரும் உயரம் 18 முதல் 19 அங்குலம் வேண்டும். இப்போது எல்லாக் கடையிலும் தாழ்வான சோபாக்கள் நிற்கின்றன. 15 அங்குல உயரத்தில் உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிட மேலே போய்விடும். எழும்போது மொத்த எடையும் முட்டியில்தான் விழும். கைப்பிடி கெட்டியாக, ஊன்றி எழ வசதியாக இருக்கட்டும். அவரையே கடைக்கு அழைத்துப் போய் முதுகை நன்றாகச் சாய்த்து உட்காரச் சொல்லுங்கள். இரு பாதமும் தரையில் படிய வேண்டும்; முழங்காலின் பின்புறத்துக்கும் மெத்தை விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் சோபா அவருக்கு ஆழம் அதிகம்.

அடுத்தது ஃபோம். விற்பவர் '40 டென்சிட்டி' என்பார். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு, அவ்வளவுதான். ஆகவே தராசு இருந்தால் போதும். 2 அடிக்கு 2 அடி, 5 அங்குலத் தடிமன் உள்ள மெத்தையை உறையிலிருந்து எடுத்து நிறுத்துப் பாருங்கள். 40 டென்சிட்டி என்றால் ஏறக்குறைய 1.9 கிலோ இருக்கும். 32 என்றால் 1.5 கிலோ. 1.1 கிலோதான் காட்டுகிறது என்றால் அது 24. சீக்கிரமே நடுவில் குழி விழும். தினமும் உட்காரும் இடத்துக்கு 40, முதுகுக்கு 28 அல்லது 32 போதும்.

சட்டம் எப்படி என்று தெரிய, முன் கால் ஒன்றை அரை அடி தூக்குங்கள். பக்கத்துக் காலும் கூடவே எழும்பினால் சட்டம் கெட்டி. அது தரையிலேயே நின்றுகொண்டு சோபா முறுக்கிக்கொண்டால் மூட்டுகள் தளர்வு.

தோல் போலத் தெரியும் பி.யூ. துணியைச் சென்னைப் பக்கம் நான் பரிந்துரைப்பதில்லை. ஈரக்காற்றிலும் சூட்டிலும் அதன் மேல்பூச்சு சிதைந்து, சில வருடங்களில் செதில் செதிலாக உரியும். ஒருமுறை உரிய ஆரம்பித்தால் ஒட்டவைக்க வழியே இல்லை. ஜிப் வைத்துக் கழற்றித் துவைக்கும் துணி உறை நல்லது.

கடைசியாக லிஃப்ட். லிஃப்ட் கதவின் அகலம், உள் உயரம், படிக்கட்டுத் திருப்பம், வாசற்கால் எல்லாவற்றையும் அளந்துகொள்ளுங்கள். வாசற்படி மூன்றரை அடி என்று சொல்வார்கள். சட்டமும் கதவின் தடிமனும் போக உள்ளே கிடைப்பது அதைவிடக் குறைவு. கால் கழற்றக்கூடிய சோபாவானால் 4 முதல் 6 அங்குலம் மிச்சம்.

படுக்கையறையில் 6 அடி அகலம், 7 அடி உயரத்துக்கு வார்ட்ரோப் செய்யப்போகிறோம். கார்பென்டர் '710 பிளைவுட்தான் போட வேண்டும், ஒன்பது ஷீட் ஆகும்' என்கிறார். கடைக்காரர் 'மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை போதும்' என்கிறார். யார் சொல்வது சரி?
வாசகர், கோவை

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி.

ஐ.எஸ். 303 என்பது பொது உபயோகப் பிளைவுட்டுக்கான தரம். அதில் எம்.ஆர். வகை ஈரப்பதத்தைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் அடுக்கு பிரியக் கூடாது என்பது அதன் சோதனை. படுக்கையறை வார்ட்ரோப்புக்கு 303 தாராளம். ஆனால் வார்ட்ரோப்பின் முதுகு பாத்ரூம் சுவரில் படுகிறதா என்று பாருங்கள். பட்டால் 710 போடுவது நியாயம். அதோடு சுவருக்கும் மரத்துக்கும் நடுவே அரை அங்குலம் இடைவெளி விடச் சொல்லுங்கள். சுவரில் ஏற்கனவே ஓதம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஓதச் சுவரில் எந்தப் பலகையைச் சாத்தினாலும் பூஞ்சை வரும்.

எம்.டி.எஃப். மோசமான பொருள் இல்லை. பெயின்ட் அடித்த கதவுக்கு அதைப்போல வழவழப்பு வேறு எதிலும் வராது. அதன் பலவீனம் விளிம்பு. விளிம்பில் அடித்த ஸ்க்ரூ ஒருமுறை பிடுங்கிக்கொண்டால் அதே ஓட்டையில் மறுபடி நிற்காது. வீடு மாற்றிக்கொண்டே இருப்பவர்களின் கட்டில், பீரோ எல்லாம் மூன்றாவது இடமாற்றத்தில் ஆடுவது இதனால்தான். தட்டுகளும் வளையும். 18 மி.மீ. பிளைவுட் தட்டு 3 அடி அகலம் வரை பட்டுப்புடவை அடுக்கைத் தாங்கும், எம்.டி.எஃப். என்றால் 2 அடிக்கு ஒரு தாங்கல் வேண்டும்.

இனி ஒன்பது ஷீட் கணக்கு. ஒரு ஷீட் 8க்கு 4 அடி. அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் 2 அடி அகலத்தில் இரண்டு பட்டைகள். பக்கப் பலகை இரண்டு, நடுத்தடுப்பு ஒன்று, மேல் கீழ் இரண்டு, ஆக ஐந்து பட்டை. 3 அடித் தட்டு ஆறு. பட்டைக்கு இரண்டு வீதம் மூன்று பட்டை. மொத்தம் எட்டுப் பட்டை, நான்கு ஷீட். கதவுகள் நான்கு, ஒவ்வொன்றும் ஒன்றரை அடி அகலம். ஷீட்டுக்கு இரண்டு வீதம் இரண்டு ஷீட். ஆக 18 மி.மீ. ஆறு ஷீட். கதவு அறுத்தபின் மிஞ்சும் ஓரடித் துண்டுகளில் டிராயர் முகப்பும் அடிக்கட்டையும் வந்துவிடும். பின்பலகைக்கு 6 மி.மீ. இரண்டு ஷீட் தனி. பரணும் சேர்த்துச் செய்கிறார் என்றால் ஒன்பது நியாயமாக இருக்கலாம். இல்லையென்றால் அறுக்கும் அளவுகளைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். சண்டை வேண்டாம், தாள் போதும்.

ஷீட் வந்து இறங்கியதும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதன் கீழே 'சி.எம்./எல்.' என்று தொடங்கும் உரிம எண்ணும் ஒவ்வொன்றிலும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் தட்டினால் உரிமம் யாருடையது, உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். மரைன் பிளைவுட்டின் பசைக்கோடு கருஞ்சிவப்பாக இருக்கும் என்பார்கள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், சாயத்தையும் கலக்கலாம். ஒரு துண்டை இரண்டு மூன்று மணி நேரம் கொதிக்கவிடுங்கள். மட்டமான சரக்கு என்றால் அடுக்குகள் வாயைப் பிளந்துவிடும்.

வார்ட்ரோப்பில் அதிகம் வரும் புகார் கதவு வளைவது. பிளைவுட்டைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் வேறு: வெளியே 1 மி.மீ. மைக்கா ஒட்டி, உள்ளே வெறும் பெயின்டோ மெல்லிய தாளோ விட்டிருப்பார்கள். ஒரு பக்கம் மூடி, மறுபக்கம் காற்றில் ஈரம் வாங்கி வாங்கி விட்டால் பலகை வில்லாக வளையத்தான் செய்யும். வெளியே 1 மி.மீ. என்றால் உள்ளே குறைந்தது 0.8 மி.மீ. மைக்கா ஒட்ட வேண்டும். 7 அடிக் கதவுக்கு நான்கு கீல் வேண்டும். மூன்றோடு நிறுத்தப் பார்ப்பார்கள். பரணுக்கும் சேர்த்து ஒரே கதவாக 9 அடிக்குப் போடச் சொல்லிக் கேட்காதீர்கள், படத்தில் மட்டும்தான் அழகு. உள் ஆழம் 22 அங்குலத்துக்குக் குறைந்தால் ஹாங்கர் குறுக்கே நிற்காது.

ஃபால்ஸ் சீலிங் போடுபவர் 12க்கு 16 அடி ஹாலுக்கு 12 வாட்ஸில் பதினான்கு டவுன்லைட் எழுதியிருக்கிறார். அவ்வளவு தேவையா? வெள்ளை விளக்கா, மஞ்சளா?
வாசகி, திருச்சி

தேவையில்லை. 14 விளக்கும் எரிந்தால் ஹால் ஆபீஸ் மாதிரி ஆகிவிடும். 192 சதுர அடிக்கு 9 வாட்ஸில் ஆறு விளக்கு போதும். சுவரிலிருந்து 2 அடி தள்ளி இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று. இப்படி வைத்தால் நடு விளக்குகளும் ஃபேனின் மையத்திலிருந்து 4 அடி தள்ளிப் போய்விடும். இது முக்கியம். இறக்கைக்கு நேர் மேலே டவுன்லைட் வந்தால், ஃபேன் சுற்றும்போதெல்லாம் அறை முழுக்க வெளிச்சம் துடித்துக்கொண்டே இருக்கும். தலைவலி வந்த பிறகுதான் காரணம் புரியும். அதற்குள் ஜிப்சம் போர்டில் ஓட்டை போட்டாகியிருக்கும்.

ஆறையும் ஒரே ஸ்விட்சில் கொடுக்காதீர்கள், இரண்டாகப் பிரியுங்கள். டிவி சுவர்ப் பக்கம் தனியாக அணைக்க முடிய வேண்டும்.

நிறம்: பெட்டியில் அது கெல்வின் என்ற எண்ணாக இருக்கும். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் 3000 கெல்வின், அது இளமஞ்சள்; சமையலறைக்கும் படிக்கும் மேஜைக்கும் 4000, அது மிதமான வெள்ளை. 6500 கெல்வின் பழைய டியூப்லைட்டின் நீல வெள்ளை. தேக்கு நிறத்தையும் மனித முகத்தையும் வெளிறடித்துவிடும். ஒரே அறையில் இரண்டு நிறம் கலக்காதீர்கள். பெட்டியில் சி.ஆர்.ஐ. என்ற எண்ணையும் பாருங்கள்; பொருள்களின் நிறத்தை விளக்கு எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதற்கான அளவு அது. 80க்குக் குறைய வேண்டாம். புடவை கட்டும் கண்ணாடி முன் 90 இருந்தால், அரக்கும் மெரூனும் வேறு வேறாகத் தெரியும்.

கூரை உயரம் ஒன்பதரை அடிதான் என்றால் ஹால் முழுக்க ஃபால்ஸ் சீலிங் வேண்டாம். அரையடி இறக்கினால் 9 அடி, அதிலிருந்து ஓரடி கீழே ஃபேன் இறக்கை, அது 8 அடி. இதற்குக் கீழே போனால் அறை அமுக்கும். ஃபேன் கொக்கி கான்கிரீட்டிலிருந்தே தொங்க வேண்டும், ஜிப்சம் சட்டத்திலிருந்து ஒருபோதும் கூடாது.

ஊரில் இருந்த பழைய தேக்கு ஊஞ்சல் பலகையை ஃபிளாட்டில் மாட்ட ஆசை. ஸ்லாப்பில் துளை போட்டுக் கொக்கி மாட்டலாமா?
வாசகர், மதுரை

கட்டுநர் எழுத்தில் அனுமதி கொடுக்காமல் துளை போடாதீர்கள். பழைய வீடுகளில் கான்கிரீட் கொட்டும்போதே கொக்கியின் கால்களை வளைத்துக் கம்பியோடு கட்டியிருப்பார்கள். எடையை ஸ்லாப்பின் கம்பி வாங்கிக்கொள்ளும். இப்போது துளையிட்டு இறுக்கும் போல்ட், கான்கிரீட்டைக் கவ்விப் பிடிப்பதோடு சரி. பெரியவர்கள் இருவர் 140 கிலோ, பலகையும் சங்கிலியும் 40 கிலோ. ஆடும்போதும் பொத்தென்று உட்காரும்போதும் இழுவை கூடும். இரண்டு மடங்கு வரை கணக்கில் எடுக்க வேண்டும். அதுவும் ஒரே திசையில் இல்லை, முன்னும் பின்னும் மாறி மாறி. அந்த அதிர்வில் போல்ட் மெல்லத் தளரும், வெளியே தெரியாது.

ஸ்லாப்புக்குள் மின்சாரக் குழாய் ஓடும். புதிய அடுக்குமாடிகள் சிலவற்றில் ஸ்லாப்பில் இழுத்து இறுக்கிய எஃகுக் கேபிள்கள் இருக்கும். அதில் ட்ரில் பட்டால் விபரீதம். அப்படிப்பட்ட கட்டடத்தில் பேச்சுக்கே இடமில்லை.

வழி இரண்டு. ஒன்பது அங்குலச் சுவர்கள் எதிரெதிரே இருந்தால், கட்டுமானப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொன்னபின், குறுக்கே இரும்பு 'ஐ' உத்தரம் பதித்து அதில் மாட்டலாம். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரிலோ லேசான நுரைக்கல் சுவரிலோ உத்தரத்தை ஏற்றக் கூடாது. இல்லையென்றால் தரையில் நிற்கும் இரும்பு அல்லது தேக்குச் சட்டம். முன்பெல்லாம் அது அவ்வளவு லட்சணமாக இல்லை. இப்போது கறுப்புப் பூச்சுப் பூசிய மெல்லிய சட்டங்களில் பழைய தேக்கு மிக நன்றாகவே எடுபடுகிறது.

பலகை தரையிலிருந்து 17 அங்குலம். 2 அடிப் பலகைக்கு முன்னும் பின்னும் 3 அடி வீதம், ஆடும் திசையில் 8 அடி காலியாக வேண்டும். இவ்வளவு இடம் இல்லையென்றால் ஊஞ்சல் ஆசையை விட்டுவிட்டு அதே பலகைக்குக் கால் வைத்து வாசல் பெஞ்சாக்கலாம். செருப்புப் போட உட்காருவதற்கு அதைவிட நல்ல இடம் ஏது?

பித்தளைச் சங்கிலியில் கண்ணியும் கண்ணியும் உரசும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். அங்கே தேய்ந்து மெலிந்திருந்தால் அந்தக் கண்ணியை மாற்றாமல் மாட்டாதீர்கள்.

ஆத்தங்குடி கல் ஃபிளாட்டில் போடலாமா? ஏற்கனவே விட்ரிஃபைட் டைல்ஸ் இருக்கிறது.
வாசகி, சேலம்

போடலாம், வீடு முழுக்க வேண்டாம். காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடியில் இந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் வார்ப்புச் சட்டம் வைத்து, வண்ணச் சிமென்டைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு, காயவைத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். அதன் பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வந்தது. வண்ணம் மேலே மெல்லிய அடுக்காகத்தான் இருக்கும். மொசைக்குக்குப் போடுவதுபோல மெஷின் பாலிஷ் போட்டீர்கள் என்றால் பூவும் கொடியும் போய்விடும். இதைத் தெரியாத மேஸ்திரிகள் நிறைய, பக்கத்திலேயே நில்லுங்கள்.

கல்லின் தடிமன் முக்கால் அங்குலத்துக்குக் குறையாது. பழைய டைல்ஸ் மேலேயே கலவை போட்டு ஒட்டினால் தரை ஒன்றரை அங்குலம் ஏறி, கதவுகளை அடியில் அறுக்க வேண்டிவரும், எடையும் கூடும். பூஜை அறை, வரவேற்பு மூலை, நடுவில் ஒரு 'கம்பளம்' போல என்று சிறிய இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே மட்டும் பழைய டைல்ஸைப் பெயர்த்துவிட்டுப் பதியுங்கள். 10 அங்குலக் கல் என்றால் 100 சதுர அடிக்கு 144 வேண்டும். கையால் செய்வது, தொகுதிக்குத் தொகுதி நிறம் மாறும். உடைசலுக்குச் சேர்த்து 160ஆக ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள்.

புளி, எலுமிச்சை, பாத்ரூம் ஆசிட் மூன்றும் இதற்கு எதிரி; சிமென்டை அரித்து வெள்ளைத் திட்டு விட்டுவிடும். அதனால் சமையலறைக்கும் பாத்ரூமுக்கும் வேண்டாம். மற்றபடி வெறும் தண்ணீரில் துடைத்து, அவ்வப்போது துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போகப் போக மெருகு ஏறும்.

புது டைனிங் நாற்காலியின் காலடியில் தினமும் மாவு மாதிரி தூள் கொட்டுகிறது. கரையானா?
வாசகர், நாகர்கோவில்

இல்லை. கரையான் மண் கோடு போட்டுக்கொண்டு வரும், மாவு கொட்டாது. இது மரத்துக்குள் முட்டையோடு வந்த உளுவண்டு. மருந்தேற்றாத ரப்பர் மரத்தில் இது சகஜம். நாற்காலியைத் தனியே எடுத்துவைத்து, குண்டூசித் தலை அளவு துளைகளைத் தேடிப் பென்சிலால் வட்டமிடுங்கள். மரத்துக்கான பூச்சிக்கொல்லித் திரவத்தை ஊசிக்குழலால் ஒவ்வொரு துளையிலும் நிரம்பும்வரை செலுத்தி, பிளாஸ்டிக் உறையில் இரண்டு நாள் இறுக்கமாகச் சுற்றிவையுங்கள். பிறகு மெழுகால் துளையை அடையுங்கள். மெழுகு உடைந்து மறுபடி தூள் வந்தால் உள்ளே இன்னும் இருக்கிறது. புதிது என்பதால் முதலில் கடைக்குப் படம் எடுத்து அனுப்பி மாற்றித் தரச் சொல்லுங்கள். மருந்தடித்துவிட்டால் மாற்ற மறுக்கக்கூடும். மேஜையையும் தட்டிப் பாருங்கள், ஒரே மரமாக இருந்தால் அதிலும் இருக்கும்.

ஜன்னல் 5 அடி அகலம். ரெடிமேட் திரைச்சீலை போட்டால் ஏனோ பார்க்கக் குட்டையாக, ஏழ்மையாக இருக்கிறது.
வாசகி, புதுச்சேரி

துணி போதவில்லை, கம்பியும் தாழ்ந்திருக்கிறது. கம்பியை ஜன்னலுக்கு மேலே 8 அங்குலம் ஏற்றி, இரு பக்கமும் 8 அங்குலம் நீட்டுங்கள். அப்போது கம்பி 76 அங்குலம். மடிப்பு நன்றாக விழத் துணி அதைப்போல இரு மடங்கு, 152 வேண்டும். 54 அங்குல அகலத் துணியில் மூன்று துண்டு. நீங்கள் வாங்கியது இரண்டாக இருக்கும். மூன்றையும் சேர்த்து நடுவில் பிரித்து இரண்டு திரையாகத் தைக்கச் சொல்லுங்கள்.

நீளம் தரையைத் தொட அரை அங்குலம் இருக்கும்வரை வர வேண்டும். ஜன்னலின் மேல்விளிம்பு 7 அடி என்றால், மேல் கீழ் மடிப்புச் சேர்த்துத் துண்டுக்கு 2.6 மீட்டர். மொத்தம் 8 மீட்டர். பருத்தி என்றால் அரை மீட்டர் கூட எடுத்து, நனைத்துக் காயவைத்த பிறகே தையல்காரரிடம் கொடுங்கள். முதல் சலவையில் சுருங்கினால் தரைக்கு மேலே நாலு அங்குலம் ஏறி நின்றுவிடும்.